மாட்டு வண்டி அச்சு என்று கேலி செய்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு இது. கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல் கும்பிடு படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கார் பற்றி வீடியோ போடுகிற தம்பிகள் இப்போது ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். வண்டியைச் சுற்றி வந்து, டிக்கியைத் திறந்து மூடி, கடைசியில் பின் சக்கரத்துக்கு அடியில் கேமராவை நீட்டுவார்கள். "பாருங்க மக்களே, இவ்வளவு காசு வாங்கிட்டுப் பின்னாடி வெறும் டார்ஷன் பீம்தான் குடுத்திருக்காங்க. மாட்டு வண்டி டெக்னாலஜி!" கீழே நூறு பேர் ஆமாம் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு என் பழைய மாணவர்களில் நாலைந்து பேர், சொந்தத்தில் இரண்டு பேர், "டீச்சர், பீம் வண்டி வேண்டாமா?", "பெரியம்மா, மல்டி லிங்க் இருக்கறதாப் பாத்து வாங்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்குகிற ஃப்ரன்ட் வீல் டிரைவ் காருக்குப் பின்னால் பீம் அச்சு இருப்பது குறையே இல்லை. பெரும்பாலும் அந்த வண்டிக்குப் பொருத்தமான அச்சு அதுதான். 'இண்டிபெண்டன்ட்' என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதலாகக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடுநிலைப்பள்ளி டீச்சருக்கு அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று புதிதாக வந்த மருமக்கள் நினைக்கலாம். நாமக்கல்லில் என் அப்பா லாரிகளுக்குப் பட்டை கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஸ்பிரிங் பட்டை உடைந்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் லாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை பட்டறையின் கணக்கு நோட்டும் என் கையில்தான் இருந்தது. பிறகு 35 வருடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசையும் நெம்புகோலும் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் பாதிப் பேர் இன்று லாரித் தொழிலில் இருக்கிறார்கள். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் அந்த மாட்டு வண்டிக் கேலியையே எடுத்துக்கொள்வோம். கட்டை வண்டியில் போனவர்களுக்குத் தெரியும், வழியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் வந்து பேசும். அதே காலத்தில் வசதியான வீடுகளில் வில்லு வண்டி இருந்தது. பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டுமென்றால் அதைத்தான் பூட்டுவார்கள். கட்டை வண்டியிலும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அச்சு. வில்லு வண்டியிலும் அப்படியே ஒரே அச்சு. நடுவில் வில்லை வைத்ததும் பயணமே வேறாகிவிட்டது. நம் இடுப்பை உடைத்தது வில் இல்லாத குறை. பழி மட்டும் அச்சின் மேல் விழுந்துவிட்டது.

கார்களில் பீம் அச்சுக்குக் கெட்ட பெயர் வந்தது அம்பாசடர் காலத்து வண்டிகளால். இன்ஜின் முன்னால், இழுவை பின்னால். பின் அச்சுக்குள்ளேயே கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல், இரண்டு தண்டு, எல்லாவற்றையும் மூடுகிற கனத்த ஹவுசிங். சக்கரம் குழியில் இறங்கினால் இத்தனை எடையும் சேர்ந்து இறங்கும், சேர்ந்து எகிறும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை கூடக்கூட ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் திணறும். "கீழ கனம் இருந்தா மேல சுகம் இருக்காது" என்று அப்பா சொல்வார்.

ஃப்ரன்ட் வீல் டிரைவ் வந்ததும் அந்தக் கனம் முழுக்கப் பின்னாலிருந்து போய்விட்டது. இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் முன் பானெட்டுக்குள். பின் சக்கரத்துக்கு இழுக்கிற வேலை கிடையாது, திருப்புகிற வேலை கிடையாது. எடையைத் தாங்கிக்கொண்டு ஒழுங்காக உருள வேண்டும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கைகொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அம்பாசடரின் பின் அச்சுக்குச் சொன்ன குற்றத்தை இன்றைய ஸ்விஃப்ட், ஐ20 மேல் சுமத்துவது, அண்ணன் வாங்கிய கடனுக்குத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

இப்போதைய கார்களில் இருப்பது கட்டையான ஒரே கம்பியும் இல்லை. ட்விஸ்ட் பீம் என்றும் டார்ஷன் பீம் என்றும் சொல்கிறார்களே, அது ஆங்கில எச் எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கைகள். கைகளின் முன் முனை ரப்பர் புஷ் வழியாகக் காரின் உடம்போடு சேர்கிறது. பின் முனையில் சக்கரம். இரண்டு கைகளையும் குறுக்கே ஒரு தகடு இணைக்கிறது. அந்தக் குறுக்குத் தகடு மூடிய குழாயாக இருக்காது. பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்து, மடித்த தகடு போல இருக்கும். சூட்சுமமே அங்கேதான்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்து காட்டுங்கள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்று வாங்கி வாருங்கள். இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், அசையாது. இப்போது கத்தியால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிடுங்கள். மறுபடி முறுக்கினால் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் முழங்காலில் வைத்து வளைத்துப் பாருங்கள், இன்னமும் முரண்டு பிடிக்கும். முறுக்கினால் இளகும், வளைத்தால் இளகாது. ட்விஸ்ட் பீம் செய்கிற வேலை இதுதான். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் தகடு முறுங்கி இடம் கொடுக்கிறது. சக்கரங்கள் தடம் விட்டுச் சாயாமல் இருக்க விறைப்பாகவும் நிற்கிறது. திருப்பத்தில் கார் சாயும்போது அந்த முறுக்கமே எதிர்த்து நின்று சாய்வைக் குறைக்கிறது. ஒரே இரும்புத் தகடு மூன்று வேலை பார்க்கிறது. எனக்கு இதைப் பார்த்தால் கேலி வரவில்லை, மரியாதைதான் வருகிறது.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். நாம் அதிகம் சந்திக்கிற மேடு எது? வேகத்தடை. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, ஊர்த் தலைவர் வீட்டுக்கு ஒன்று. அது சாலையின் குறுக்கே கிடக்கிறது. இரண்டு பின் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். அப்போது குறுக்குத் தகடு முறுங்கவே வேண்டியதில்லை. இரண்டு கைகளும் சேர்ந்து மேலே போய்ச் சேர்ந்து கீழே வரும். ஒரு சக்கரத்தின் ஆட்டம் மற்றதற்குப் போகும் என்பதுதான் பீம் மேல் சொல்கிற பெரிய குற்றம். வேகத்தடையில் அந்தக் குற்றத்துக்கு இடமே இல்லை. அங்கே இடுப்பு வலித்தால் காரணம் ஸ்பிரிங்கின் விறைப்பு, ஷாக் அப்சார்பர், டயர், இல்லையென்றால் ஓட்டுகிறவரின் வலது கால்.

ஒரு பக்கக் குழி வேறு விஷயம். இடது சக்கரம் மட்டும் விழுந்தால் பீம் வண்டியில் வலது பக்கத்துக்கும் கொஞ்சம் செய்தி போகும், மறுக்கவில்லை. ஆனால் இண்டிபெண்டன்ட் என்று பெயர் வைத்த பெரும்பாலான கார்களிலும் ஆன்டி ரோல் பார் என்று ஒரு கம்பி இரண்டு பக்கத்தையும் இணைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கார் திருப்பத்தில் சாயாமல் இருக்க அது வேண்டும். அப்புறம் எங்கே முழுச் சுதந்திரம்? தனிக்குடித்தனம் போனாலும் சமையல் மாமியார் வீட்டில் என்கிற மாதிரி.

இண்டிபெண்டன்ட் என்றாலே உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டு வண்டியையே உதாரணம் காட்டலாம். 1998-ல் வந்த டாட்டா இண்டிகாவின் பின் சக்கரங்கள் இண்டிபெண்டன்ட்தான். செமி டிரெய்லிங் ஆர்ம் என்ற அமைப்பு. பி.எம்.டபிள்யூ கார்களிலேயே பல காலம் இருந்த அமைப்பு அது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சக்கரம் மேலே போகப்போக உள்பக்கமாகச் சாயும். கல்யாணத்துக்குப் போகும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, டிக்கி நிறையச் சீர்வரிசைத் தட்டுகளோடு போகிற இண்டிகாவைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பின் சக்கரம் இரண்டும் மேலே நெருங்கி, கீழே விரிந்து, காலை அகட்டி வைத்து நிற்கும். அப்படியே தொடர்ந்து ஓடினால் டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். ஐந்து பேர் கணக்குக்குச் செய்த வண்டியில் எட்டுப் பேர் ஏறுகிற நாட்டில் இது சின்ன விஷயமா? 2008-ல் அதே டாட்டா இண்டிகா விஸ்டாவைக் கொண்டுவந்தபோது பின்னால் ட்விஸ்ட் பீம்தான் வைத்தார்கள். பீம் அச்சில் இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கும்போது சாய்வு அநேகமாக மாறுவதில்லை. எத்தனை பேர் ஏறினாலும் டயர் முழு அகலத்தோடு தரையில் நிற்கும். எட்டுப் பேரை ஏற்றுங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதே காரணத்துக்காகத்தான் சுவீடனின் சாப் நிறுவனம் 99, 900 என்ற தன் புகழ்பெற்ற ஃப்ரன்ட் வீல் டிரைவ் கார்களுக்குப் பின்னால் வேண்டுமென்றே லேசான குழாய் அச்சு வைத்தது. அந்தக் கார்கள் மலிவு வண்டிகளும் இல்லை. திருப்பத்தில் காரின் உடம்பு சாய்ந்தாலும் அச்சு தரையோடு தரையாக இருப்பதால் சக்கரம் செங்குத்தாக நிற்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இன்னொரு சாட்சி ஓரகடத்தில் செய்த ரெனோ டஸ்டர். கார் வீடியோ தம்பிகள் எல்லோரும் ஒருமித்துப் புகழ்ந்த வண்டிகளில் அது ஒன்று. மோசமான சாலையில் மெத்தை மாதிரி போகிறது என்றார்கள். அவர்கள் ஓட்டிப் புகழ்ந்த ஃப்ரன்ட் வீல் டிரைவ் டஸ்டருக்குப் பின்னால் இருந்தது டார்ஷன் பீம்! நான்கு சக்கர இழுவை டஸ்டருக்கு மட்டும் மல்டி லிங்க் வைத்தார்கள், ஏனென்றால் அதில் பின் சக்கரத்துக்கும் தண்டு போக வேண்டும், நடுவில் டிஃபரன்ஷியலுக்கு இடம் வேண்டும். தேவை வந்தபோது மாற்றினார்கள். தேவையில்லாதபோது விட்டுவிட்டார்கள். மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகானும் அப்படித்தான். ஓட்டுவதற்கு இனிய வண்டி என்று பெயர் வாங்கியது, பின்னால் ட்விஸ்ட் பீம்.

வெளிநாட்டுக் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1974-ல் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் தன் சிரோக்கோ, கோல்ஃப் கார்களில் இந்த ட்விஸ்ட் பீமை வைத்தது. நான்கு தலைமுறைக் கோல்ஃப் அதே வழியில் ஓடியது. 1998-ல் ஃபோர்டு, ஃபோகஸ் என்ற காரில் மல்டி லிங்க் பின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. அந்தக் கார் திரும்புகிற அழகைப் பார்த்து மற்றவர்கள் கொஞ்சம் ஆடிப்போனது உண்மை. 2003-ல் வந்த ஐந்தாம் கோல்ஃபும் மல்டி லிங்க்குக்கு மாறியது. 'பார்த்தாயா, பீம் செத்தது' என்று எல்லோரும் சொன்ன காலம் அது. ஆனால் 2012-ல் ஏழாம் கோல்ஃப் வந்தபோது சக்தி குறைந்த இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு மறுபடி பீம், சக்தி கூடியவற்றுக்கு மட்டும் மல்டி லிங்க். 2018-ல் புது ஃபோகஸிலேயே சின்ன இன்ஜின்களுக்குப் பீம் திரும்பி வந்துவிட்டது. அதே வருடம் வந்த பென்ஸ் ஏ-கிளாஸிலும் கீழ்நிலை வண்டிகளுக்குப் பீம்தான். பென்ஸ் கம்பெனிக்கு இரும்பு வாங்கக் காசில்லாமலா? எடை குறைகிறது, இடம் மிச்சமாகிறது, விலை இறங்குகிறது, அந்த இன்ஜினுக்கு அது போதும் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. இந்தியாவில் விற்ற டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் பின்னால் டார்ஷன் பீம் உள்ள கார். 2018-க்குப் பிறகு வந்த கொரோலா பல நாடுகளில் இண்டிபெண்டன்ட் ஆகிவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேகத்தில் பீம் நிற்காது என்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை இருக்கிறது. ஃப்ரன்ட் வீல் டிரைவ் கார்களில் யார் வேகம் என்று கம்பெனிகள் அங்கே போட்டி போடும். 2014-ல் ரெனோ மேகான் பீம் அச்சோடு 7 நிமிடம் 54.36 நொடியில் சுற்றியது. 2015-ல் ஹோண்டா சிவிக் டைப் ஆர், அதுவும் பீம் அச்சுதான், 7 நிமிடம் 50.63 நொடி. 2017-ல் அடுத்த டைப் ஆர் மல்டி லிங்க்கோடு வந்து 7 நிமிடம் 43.80 நொடி. சரி, முடிந்தது கதை என்று பார்த்தால் 2019-ல் பீம் அச்சு வைத்த மேகான் 7 நிமிடம் 40.10 நொடியில் முடித்துவிட்டது. 2023-ல் ஹோண்டா திரும்பப் பிடித்தது, அதுவும் அரை நொடி வித்தியாசத்தில். நாம் யாரும் அந்த வேகத்தில் ராசிபுரம் போகப்போவதில்லை என்பது வேறு.

நான் பீமுக்கு வக்கீல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். ஏழாம் வகுப்பிலேயே கேள்வி கேட்டு என்னைக் குடைந்தவன். இப்போதும் விடவில்லை. "டீச்சர், அந்த ரெண்டு புஷ்ஷை மறந்துட்டீங்களே" என்றான். அவன் சொன்னது நியாயம். பீம் முழுவதும் இரண்டே இரண்டு ரப்பர் புஷ் வழியாகத்தான் காரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழியின் அதிர்ச்சியும் சத்தமும் உள்ளே வராமல் இருக்க அந்த ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். திருப்பத்தில் பின்பக்கம் நழுவாமல் இருக்க அதே ரப்பர் விறைப்பாக இருக்க வேண்டும். ஒரே ஆளைத் தூங்கவும் சொல்லிக் காவல் காக்கவும் சொல்கிற கதை. புஷ்ஷைச் சாய்வாகப் பொருத்தி ஓரளவு சமாளிக்கிறார்கள். 2009-ல் ஓப்பல், ஆஸ்ட்ரா காரில் பீமோடு வாட் இணைப்பு என்ற கூடுதல் கம்பிகளைச் சேர்த்துப் பக்கவாட்டுச் சுமையை அவற்றின் தலையில் போட்டது. மல்டி லிங்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கை. முன்பின் அதிர்ச்சிக்கு மென்மையான கை, பக்கவாட்டுக்கு விறைப்பான கை. அதனால் நன்றாகச் செய்த மல்டி லிங்க் ஒரே நேரத்தில் மெத்தென்றும் இருக்கும், திருப்பத்தில் உறுதியாகவும் இருக்கும். பீமால் அந்த இரண்டையும் முழுசாகத் தர முடியாது.

ஆகவே யாருக்கு அது வேண்டும்? கனமான பெரிய வண்டி, சக்தி மிகுந்த இன்ஜின், வாரத்தில் நான்கு நாள் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிற ஓட்டம், பின் சீட்டிலேயே நாள் முழுக்க உட்காருகிற முதலாளி. இவர்கள் காசு கொடுக்கலாம், வாங்கியதற்குப் பலனும் கிடைக்கும். பராமரிப்புச் செலவையும் அவர்களால் தாங்க முடியும். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து கை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, முனைக்கு ஒரு புஷ் என்று எண்ணிப் பாருங்கள். எட்டு வருடம் கழித்து அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட ஆரம்பிக்கும்.

என் தங்கை மகன் அந்த முதலாளி இல்லை. அவன் தேர்ந்தெடுத்த பீம் வண்டிக்கும் மல்டி லிங்க் வண்டிக்கும் ஆன்ரோடு விலையில் நாலரை லட்சம் வித்தியாசம். 9 சதவீத வட்டிக்கு 7 வருடக் கடன் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 7,240 ரூபாய் கூடுதல். கட்டி முடிக்கும்போது நாலரை லட்சம் 6 லட்சத்து 8 ஆயிரம் ஆகியிருக்கும். அதே மாதத்தில் மகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். "பெரியம்மா, நான் எனக்காகவா கேக்கறேன்? அம்மிச்சிக்கு முதுகுவலி. பீம் வண்டியில உக்கார வெச்சா தாங்குமா?" என்றான். 82 வயது ஆகிற என் அம்மாவின் முதுகை வைத்துத்தான் அந்த நாலரை லட்சம் பேசப்படுகிறது என்று தெரிந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. பாசத்தில் கேட்கிற பிள்ளையை எப்படித் திட்டுவது?

ஆனால் அவள் முதுகுக்கு எது நல்லது என்று நிதானமாகப் பார்க்கலாம். பின் சீட்டு பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன் சீட்டு இரண்டு அச்சுக்கும் நடுவில், ஆட்டம் குறைவான இடத்தில் இருக்கிறது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தால் எந்த அச்சானாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மரியாதைக்குப் பெரியவர்களைப் பின்னால் ஏற்றுவதை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்து சீட்டின் உயரம். குனிந்து இறங்கி உட்காருகிற காரை விட, நின்றபடி பின்வாங்கி உட்காரும் உயரமுள்ள கார் அவளுக்கு நல்லது. சீட்டு அவள் தொடையைத் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது டயர். டயரின் பக்கத்தில் 215/60 என்று எழுதியிருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 129 மில்லிமீட்டர் ரப்பர். அதே காரின் விலை கூடிய வேரியன்ட்டில் பெரிய அலாய் வீலோடு 215/55 என்று இருந்தால் ரப்பர் 118 மில்லிமீட்டர்தான். அழகுக்காக 11 மில்லிமீட்டர் மெத்தையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அச்சு சரியில்லை என்று புலம்புகிறவர்கள் எத்தனை பேர்! கீழ் வேரியன்ட்டின் சின்ன சக்கரம் முதுகுவலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் நல்லது. யார்டில் நின்ற வண்டியில் காற்று கூடுதலாக இருப்பதும் உண்டு. டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய், ஷோரூம்காரர் காட்டுகிற வழவழப்பான சாலையை விட்டுவிட்டு நம் தெருவுக்குள் ஓட்டச் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் அச்சின் பெயரைக் கேட்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியிலும் அவளை ஏற்றிக் காட்டுவதாகத் தங்கை மகன் சொல்லியிருக்கிறான். அவளுக்கு மல்டி லிங்க் வண்டிதான் சுகமாக இருக்கிறது என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அச்சின் பெயரைக் காதால் கேட்டுவிட்டு நாலரை லட்சம் கொடுக்கிறேன் என்றால் மட்டும் திறப்பேன்.

ஏற்கெனவே பீம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வேகத்தடையில் பின்னாலிருந்து 'டொக்' என்று சத்தம் வந்தாலோ, நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது பின்பக்கம் கொஞ்சம் தாமதமாக ஆடி நின்றாலோ, முதலில் அந்த இரண்டு புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டு, அப்புறமும் சத்தம் போகவில்லை என்று அலைகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது, வீல் அலைன்மென்ட். பெரும்பாலான ட்விஸ்ட் பீம் வண்டிகளில் பின் சக்கரத்துக்குத் திருப்பிச் சரிசெய்கிற போல்ட்டே கிடையாது. கம்ப்யூட்டரில் பின் சக்கரத்தின் அளவு தெரியும், பச்சை சிவப்பு எல்லாம் எரியும், ஆனால் திருப்ப ஒன்றும் இருக்காது. பின்னால் சிவப்பு வந்தால் பீம் வளைந்திருக்கிறதா, புஷ் போயிருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். "நாலு வீலும் அலைன்மென்ட் பண்ணியாச்சு" என்று பில் போட்டுக் கொடுத்தால், பின்னால் எந்த இடத்தில் ஸ்பேனர் வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன், "நான் சொன்னா காசு கேக்கறதுக்குச் சோம்பேறித்தனம்னு நெனைக்கறாங்க டீச்சர், நீங்களே எழுதிப் போடுங்க" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எழுதிவிட்டேன் சாமி, உன் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்.